மீண்டும் கடலுக்கே

பகாங் மாநிலத்தின் குவாலா ரொம்பின் கடற்பகுதி மயில் மீனுக்குப் பெயர் பெற்றது. பாய்மரம் போன்ற முதுகுத் துடுப்பைக் கொண்ட இம்மீனை மலாய் மொழியில் ‘ஈக்கான் லாயாரான்’ என்பர்.

ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்றால் தென்சீனக் கடல் கொந்தளிக்கும். அது தணிந்த பிறகே தூண்டில்காரர்கள் ‘தெக்கோங்’ எனப்படும் படகோட்டியுடன் புறப்படுவர். நெத்திலிக் கூட்டத்தின் மேல் பறவைகள் வட்டமிட்டால், அங்கே மயில் மீனும் இரை தேடும் என்பதை அவர் அறிவார்.

பிடித்த மீனைப் பெரும்பாலோர் கடலிலேயே விட்டுவிடுகின்றனர். வட்ட வடிவத் தூண்டில் முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டுவதால் காயம் குறைகிறது. களைத்த மீனை நீரிலேயே பிடித்தபடி படகை மெதுவாகச் செலுத்தினால், செவுள்களின் வழியே நீர் பாய்ந்து அது தெம்பு பெறும்.

மீன் பிழைத்தால்தான் அடுத்த பருவத்திலும் தெக்கோங்கின் பிழைப்பு நடக்கும்.