கட்ச்சில் குலுங்கியது, அகமதாபாத்தில் விழுந்தது

2001 ஜனவரி 26, குடியரசு நாள், காலை 8.46. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பச்சாவு அருகே பூமி 7.7 அளவில் குலுங்கியது. புஜ், அஞ்சார், பச்சாவு ஊர்களில் கல் வீடுகள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அங்கே அபாயம் தெரிந்ததுதான். 1819-லேயே கட்ச் ஒரு பெரும் நிலநடுக்கத்தைக் கண்டிருக்கிறது, அன்றைய நிலநடுக்க அபாய வரைபடத்திலும் அது உச்சமான ஐந்தாம் மண்டலம். யோசிக்க வைப்பது அகமதாபாத். 200 கி.மீ.க்கும் அப்பால், மூன்றாம் மண்டலத்தில் இருந்த அந்த நகரில் அடுக்குமாடிகள் விழுந்து 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றதில் பூமியைவிடக் கட்டுமானத்துக்கே பங்கு அதிகம் என்பேன்.

தூரம் ஏன் காப்பாற்றவில்லை? தீபகற்பத்தின் பழைய, இறுகிய பாறை அதிர்வை எளிதில் தணிய விடாது. அகமதாபாத்துக்கு அடியிலோ சபர்மதி கொண்டுவந்து சேர்த்த ஆழமான வண்டல்; வந்த அலையை அது பெருக்கிவிட்டது. 1819-லும் அந்நகர ஜாமா மசூதியின் மினார்கள் விழுந்தன. ஆக, எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 2001-ல் விழுந்த கட்டடங்கள் பலவும் வண்டி நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரின்றி விட்டு, மேலே நான்கு தளம் எழுப்பியவை. மேல்தளங்களைச் செங்கல் சுவர்கள் இறுக்கிப் பிடித்திருக்க, ஆட்டம் முழுவதையும் கீழே வெறும் தூண்கள் வாங்கின. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியைத் தள்ளித் தள்ளிக் கட்டிய தூண் அதைத் தாங்காது. தூண் நொறுங்கியதும் மேல்தளங்கள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டன.

அவ்வளவு பெரிய நிலநடுக்கத்தில் எதுதான் நிற்கும் என்று கேட்கலாம். அகமதாபாத்தின் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை நின்றன. கட்ச்சிலேயே ‘புங்கா’ எனப்படும் வட்ட வடிவ மண்வீடுகள் பல தப்பின. செலவு கூடுமே என்பது அடுத்த வாதம். கூடும்தான், ஆனால் ரிங் கம்பியை நெருக்கிக் கட்டுவதும் கீழ்த்தளத்தில் சில கான்கிரீட் சுவர்களை எழுப்புவதும் மொத்தச் செலவில் சிறு பங்கே. நிலநடுக்கத்தைத் தாங்கக் கட்டுவதற்கு விதி இல்லையா என்றால், 1962 முதலே இருக்கிறது. கடைப்பிடிக்கத்தான் ஆளில்லை.

2002-ல் திருத்திய வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு உயர்த்தியது. அகமதாபாத் இருந்த அதே மண்டலம். அங்கே விழுந்தவை போலச் சுவரில்லாத தரைத்தளத்தில் வண்டி நிறுத்தும் ‘ஸ்டில்ட் பார்க்கிங்’ வைத்த குடியிருப்பில் வீடு வாங்குகிறவர்கள் டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். நிலநடுக்கக் கணக்கு அதில் இருக்கிறதா என்று ஒரு பொறியாளரிடம் காட்டிக் கேளுங்கள்.