ரப்பர் வளையத்தின் வயது

டிரெஸ்டனுக்குத் தெற்கே, மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் இருக்கும் சிற்றூர் கிளாஸ்ஹூட்டே. 1845 முதல் அங்கே கடிகாரம்தான் பிழைப்பு. 1945 மே 8, போர் முடிந்த அன்றைக்கே, சோவியத் விமானங்கள் அந்த ஊரின் மேல் குண்டு வீசின. தப்பிய இயந்திரங்களும் போர் இழப்பீடாகப் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. 1951-ல் கிழக்கு ஜெர்மன் அரசு அங்கிருந்த கடிகார நிறுவனங்களை இணைத்துப் பொதுத்துறை ஆலையாக்கியது. அந்த ஆலை 1969-ல் உருவாக்கிய முக்குளிப்பு வாட்ச், ஸ்பெஸிமாட்டிக் ஆர்.பி. டி.எஸ். 200. ஆலையின் இன்றைய வாரிசான கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல், சரியாக 50 ஆண்டு கழித்து, 2019-ல் அதே முகச்சாயலில் ‘சீ-க்யூ’ என்ற ஆட்டோமேட்டிக் வாட்ச்சைக் கொண்டுவந்தது. 39.5 மி.மீ. விட்டம், 200 மீட்டர் ஆழம் தாங்கும். இன்று அது செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கிறது.

இப்படிப் பழைய தோற்றத்தில் வரும் வாட்ச்சுகள் பலவற்றின் டயலில் எண்கள் பழுப்பேறித் தெரியும். அந்தப் பழுப்பு ஆலையிலேயே கலந்த நிறம். 1960-கள் வரை இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். அதன் கதிர்வீச்சு பக்கத்திலிருந்த துத்தநாக சல்பைடைச் சிதைத்துப் பழுப்பாக்கியது. பின்னால் வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1969-ல் பூசியது இன்று கிட்டத்தட்ட அணைந்திருக்கும். ரேடியத்துக்கோ 1,600 ஆண்டு. பூச்சு மங்கினாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். அசல் பழைய ரேடிய வாட்ச்சை வீட்டு மேஜையில் திறந்து பார்ப்பது ஆபத்து. உதிரும் தூள் மூச்சோடு உள்ளே போகும். புதியவற்றில் இருப்பது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். கதிர்வீச்சு கிடையாது, வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும். பழுப்பு நிறமி கலந்தால் ஒளி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆக, கண்ணில் படும் முதுமை பூச்சு. உண்மையான முதுமை கண்ணில் படாத இடத்தில், மூடிக்கும் சாவிக்கும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களில் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு பார் அழுத்தம் கூடும். 200 மீட்டரில் 20 பார். 32 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி என்றால் அதன்மேல் ஏறக்குறைய 160 கிலோ எடை உட்கார்ந்ததற்குச் சமம். முக்குளிப்பு வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம் இதற்கு மேலும் 25 சதவீதம் கூட்டி, 25 பாரில் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. எஃகும் நீலமணிக் கண்ணாடியும் இதைப் பல காலம் தாங்கும். ரப்பர் தாங்காது. வியர்வை, சோப்பு, வெயில், வருடக்கணக்கான நெருக்குதல் எல்லாம் சேர்ந்து அதை இறுக வைக்கும். ரிப்பேர் மேஜையில் பழைய வளையத்தைச் சாமணத்தால் எடுத்துப் பார்த்தால் தெரியும்: உருண்டையாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு தட்டையாகிப் போயிருக்கும், வளைத்தால் வெளிப்புறத்தில் முடிமுடியாக வெடிப்பு ஓடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நல்ல வளையத்தை நீரழுத்தமே இடுக்கில் தள்ளி இறுக்கும். ஆழம் போகப்போக அடைப்பு பலப்படும். தட்டையான வளையம் அழுத்தம் குறைந்த இடத்தில்தான் முதலில் கைவிடும். பழைய கேஸ்கெட் போட்ட குக்கர், ஆவி பிடிக்கும் முன்னால் ஓரமெல்லாம் சீறுவது போல. 200 மீட்டர் என்று டயலில் போட்ட வாட்ச்சுக்குள் நீச்சல் குளத்திலேயே தண்ணீர் புகுவதற்கு இதுவும் ஒரு காரணம். டயலில் அச்சிட்ட எண், ஆலையில் சோதித்த நாளின் நிலவரம்.

சோதிப்பது கடினமல்ல. உலர்சோதனையில் காற்றறைக்குள் அழுத்தத்தை மாற்றி, வாட்ச்சின் கூடு மைக்ரான் அளவில் எவ்வளவு நெளிகிறது என்று கருவி அளக்கும். நெளிந்த கூடு அப்படியே நின்றால் அடைப்பு சரி. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குத் திரும்பினால் எங்கோ கசிவு. ஈரச்சோதனை இன்னும் அழகு. தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டுக் காற்றழுத்தம் ஏற்றுவார்கள். ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போய்விடும். பிறகு வாட்ச்சைத் தண்ணீரில் இறக்கி அழுத்தத்தை மெல்லக் குறைப்பார்கள். உள்ளே போன காற்று குமிழ்குமிழாக வெளியே வரும். எந்த இடத்தில் என்பதும் தெரியும். அந்தக் கணமே, அழுத்தம் முழுதும் இறங்குவதற்குள், வாட்ச்சை வெளியே தூக்க வேண்டும். தாமதித்தால் அதே ஓட்டை வழியே தண்ணீர் ஏறிவிடும்.

இயந்திரத்துக்கும் வயதுண்டு. கையசைவில் சுழலும் எடை ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டே இருப்பதால் ஆட்டோமேட்டிக்குக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டாம். சீ-க்யூவின் 39-11 இயந்திரம் முழுதாக முறுக்கேறினால் 40 மணி நேரம் ஓடும். ஆனால் அச்சுகளில் இட்ட எண்ணெய் காலப்போக்கில் கெட்டியாகும், நகர்ந்தும் போகும். அப்போது, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு குறையும். வாட்ச் நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தத் தேய்மானம் நடக்கும் என்பதால், கடையில் டைம்கிராஃபர் கருவியில் வைத்து வீச்சை அளந்து காட்டச் சொல்லலாம். முழு முறுக்கில் 270 பாகைக்கு மேல் இருந்தால் நல்ல நிலை. 200-ஐ ஒட்டியிருந்தால் சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துப் பேச வேண்டும். அந்த சர்வீஸில் வளையங்களையும் மாற்றி, மூடியபின் எடுத்த அழுத்தச் சோதனைச் சீட்டைத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாத வாட்ச்சைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்காதீர்கள்.