மொறட்டுவையா, கொத்தலாவலையா?

உயிர்மருத்துவப் பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கல்வி இலவசம். ஆனால் இசட் புள்ளி பொறியியல் கற்கைக்கே இடம் தரும். துறை பின்னர் பல்கலைக்கழகப் பெறுபேற்றின்படியே கிடைக்கும். விரும்பிய துறை தவறவும் கூடும். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். முப்படையில் சேராத மாணவர் கட்டணம் செலுத்த வேண்டும். அங்கும் துறை எப்போது உறுதியாகும் எனக் கேட்டறியுங்கள்.

எதுவாயினும், அந்தப் பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா எனப் பாருங்கள். 2014 முதல் அந்நிறுவனம் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். வெளிநாடு செல்வோருக்கு இது முக்கியம்.

மொறட்டுவை கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன். துறை தவறினாலும் பிள்ளை பொறியியலாளர்தான். வட்டிக்கடன் குடும்பத்தின் தலையில் விழாது.