எலும்பைக் கடிக்கும் கெரிசன்

முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எலும்பு வெட்டும் கருவிகளை ஒருவருக்குப் பயன்படுத்திவிட்டு அடுத்தவருக்கும் பயன்படுத்துவார்களாமே? ஊசி மாதிரி ஒரு தடவையோடு தூக்கிப் போடக் கூடாதா?”

நியாயமான கேள்வி. அந்தக் கருவிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்ததை வைத்துப் பதில் சொல்கிறேன். அதன் பெயர் கெரிசன்.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் கால்வரை வலி இறங்குகிறது என்பதை பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934-இல் எழுதிய கட்டுரை உலகுக்கு உணர்த்தியது. அந்த அழுத்தத்தை நீக்க வேண்டுமானால் நரம்புக்கு மேல் கூரையாக இருக்கும் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வழி செய்ய வேண்டும். உளியும் சுத்தியும் அங்கே ஆபத்து. எலும்புக்கு அடியில், மிக நெருக்கத்தில், தண்டுவட உறை இருக்கிறது. அதற்குள் நரம்புகள்.

கெரிசனின் கைப்பிடியிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. நீளத்துக்கு இரண்டு எஃகுத் தண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து நீளும். கீழ்த்தண்டு அசையாது. அதன் நுனி மேல்நோக்கி மடிந்து, மெல்லிய பாதமாக நிற்கும். பிடியை அழுத்தினால் மேல்தண்டு முன்னால் வழுக்கிப் போய், தன் கூர்முனையால் அந்தப் பாதத்தை முட்டும். நடுவில் அகப்பட்ட எலும்பு துண்டாகிவிடும். ஒரு கடிக்கு 1 மி.மீ. எடுப்பதிலிருந்து 5, 6 மி.மீ. எடுப்பதுவரை பல அளவுகள் உண்டு.

எங்கள் பாட்டியின் பாக்குவெட்டியில் கீழ்க்கரத்துக்குக் கூர் கிடையாது. அது பாக்கைத் தாங்கும், மேல்கரம் வெட்டும். கெரிசனிலும் அதே ஏற்பாடுதான். கூரில்லாத பாதம் எலும்புக்கு அடியில் நுழைந்து, நரம்புக்கும் வெட்டுக்கும் நடுவே காவலாக நிற்கிறது.

ஆபரேஷன் தியேட்டரில் இதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடிக்குப் பிறகும் மருத்துவர் கண்ணை எடுக்காமலேயே கருவியின் வாயைத் திறந்து நர்ஸ் பக்கம் நீட்டுவார். நர்ஸ் ஈரத்துணியால் அந்த எலும்புத் துணுக்கைத் துடைத்து எடுப்பார். எலும்பை இணைக்கும் ஆபரேஷனாக இருந்தால் அந்தத் துணுக்குகளைக் கிண்ணத்தில் சேர்த்து வைத்து, கடைசியில் நோயாளிக்கே ஒட்டெலும்பாக வைத்துவிடுவார்கள்.

என்னைக் கட்டிப்போடும் விஷயம் இனிமேல்தான். இரண்டு தண்டுகளும் விலகாமல் வழுக்குவதற்காக ஒன்றில் காடியும் மற்றதில் அதற்குப் பொருந்தும் மேடும் உண்டு. மூடியிருக்கும்போது அந்தச் சந்து கண்ணில் படாது. ஆனால் ரத்தத்துக்கும் எலும்புத்தூளுக்கும் அங்கே வழி தெரியும். வெளியே பளபளவென்று இருக்கும் கருவியின் உள்ளே முந்தைய நோயாளியின் மிச்சம் உலர்ந்து கிடக்கலாம்.

ஆட்டோகிளேவில் 134 டிகிரி நீராவியில் வைத்தால் எல்லாம் செத்துவிடாதா? நீராவி தொட்டால்தான் சாகும். காய்ந்து இறுகிய ரத்தம் கிருமிக்குப் போர்வை. கழுவாததைக் கிருமிநீக்கம் செய்ய முடியாது என்பது இந்தத் துறையின் முதல் பாடம். அதனால்தான் இப்போது பல கெரிசன்களில் ஒரு பொத்தானை அழுத்தி மேல்தண்டைத் தனியே கழற்றி, காடிக்குள் பிரஷ் விட்டுத் தேய்க்க முடிகிறது. கழற்ற முடியாத பழைய வகையென்றால் திறந்தும் மூடியும் தேய்த்து, பிறகு அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுக்க வேண்டும்.

கருவி கெட்டுப்போவது பெரும்பாலும் அலட்சியத்தால்தான். ஆபரேஷன் முடிந்ததும் சலைன் தண்ணீரில் போட்டு வைத்துவிடுகிறார்கள். உப்பிலுள்ள குளோரைடு எஃகின் மேலிருக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துளைத்துப் புள்ளிப்புள்ளியாக அரிக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் அழுக்குக்குப் புதிய குழி. முனை மழுங்குவது இன்னும் மோசம். மழுங்கிய கெரிசன் எலும்பை வெட்டாது, கவ்வும். அதைப் பிய்த்து இழுத்தால் ஒட்டியிருக்கும் உறையும் கிழியும். கூர் பார்ப்பது எளிது: தடித்த காகித அட்டையைக் கடிக்கக் கொடுத்தால் பிசிறில்லாமல் துளை விழ வேண்டும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். ப்ரியான் என்ற புரதத்தால் வரும் மூளை நோய் மிக அபூர்வம். ஆனால் சாதாரணக் கிருமிநீக்கத்துக்கு அது மசியாது. ஒரு நோயாளியின் மூளையில் வைத்த மின்முனைகளைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தியதில் சூரிச் நகரில் இளவயதினர் இருவருக்கு நோய் தொற்றியது 1977-இல் வெளியானது. அந்த நோய் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் கருவியைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

ஆகவே, அம்மா, ஒருவருக்குப் பயன்படுத்தியதை அடுத்தவருக்குப் பயன்படுத்துவது தவறே இல்லை. நல்ல எஃகில் நுணுக்கமாகச் செய்த கருவியை ஒரு நாளோடு குப்பையில் போடுவதை நான் நாகரிகம் என்று சொல்லமாட்டேன். அரைகுறையாகக் கழுவுவதுதான் தவறு. நம் மருத்துவமனைகள் பலவற்றில் அந்த வேலை போதிய பயிற்சியும் சம்பளமும் இல்லாதவர்கள் தலையில் விழுகிறது. மருத்துவரின் பெயர் வாசல் பலகையில் இருக்கிறது. காடிக்குள் பிரஷ் விட்டவரின் பெயர் யாருக்கும் தெரியாது.

மருத்துவமனை நடத்துகிறவர்கள் அடுத்த மைக்ராஸ்கோப் வாங்குவதற்குமுன், கழுவும் அறைக்கு நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் பயிற்சி பெற்ற ஆட்களும் கொடுக்கட்டும். நீங்களும் ஆபரேஷனுக்குமுன் ஒன்று கேளுங்கள்: “இங்கே கருவிகளைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யத் தனித் துறை இருக்கிறதா? அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவமனை அதற்குக் கோபப்படாது.