உஷார்! பின்னால் தூக்கிய பைக் முன்னால் தள்ளிவிடும்

லைசென்ஸ் கைக்கு வந்து சில மாதம்கூட ஆகியிருக்காது. ஓட்டுவது 100, 125 சிசி வண்டி. அதற்குள் கம்பெனி ஷாக்கைக் கழற்றிவிட்டு, சிவப்பு ஸ்பிரிங்கும் பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டருமாக ‘கேஸ் ஷாக்’ மாட்டிக்கொள்ளும் பையன்களை வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் பார்க்கிறோம். சிலர் ஷாக்குக்கு அடியில் கட்டை கொடுத்து வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடுகிறார்கள். தம்பிகளே, அவர்களைப் பெற்றவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். இது அழகு வேலை இல்லை, உயிர் விஷயம்.

பின்பக்கம் உயர்ந்தால் முன் போர்க் செங்குத்தாகிவிடும். ஹேண்டில் லேசாகத் தொட்டாலே திரும்பும். வேகம் கூடக்கூட வண்டி அலைபாயும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். ஹெட்லைட் வெளிச்சம் தூரத்துக்குப் போகாமல் கிட்டத்திலேயே விழும். சைடு ஸ்டாண்டு எட்டாமல் வண்டி சாயும். செயின் டைட்டும் மாறிப்போகும்.

‘ஸ்பிரிங் ஹார்டா இருந்தா நல்லதுதானே அண்ணாச்சி?’ என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எம்பும். அந்த எம்பலை அடக்குவது ஷாக்குக்குள் இருக்கும் ஆயில்தான். மலிவான டூப்ளிகேட்டில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், ஆயில் அடக்காது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிலிண்டர் பல நேரம் வெறும் டம்மி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் அறுப்புக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும். ஸ்பீடு பிரேக்கரில் எம்பிய டயர் அந்த வைக்கோல் மேல் இறங்குகிற நேரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்குமா? பின்னால் தங்கச்சி உட்கார்ந்திருந்தால்?

முன்பக்கமும் ஹார்டாக வேண்டும் என்று போர்க்கில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுவது இன்னொரு ஆபத்து. உள்ளே காற்றுக்கு இடமில்லாமல், பள்ளத்தில் போர்க் இறுகி சீல் பிதுங்கிவிடும். ஒழுகும் ஆயில் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. இன்றைக்கே போர்க் குழாயை விரலால் வழித்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். தள்ளிப்போடாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

வெல்டிங் வைத்து இரட்டை ஷாக்கை மோனோ ஷாக்காக மாற்றுவது இதையெல்லாம் விட மோசம். கம்பெனி கொடுத்த வடிவத்துக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

வண்டி தூக்கிப் போடுகிறதா? முதலில் டயரில் காற்று பாருங்கள். அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பின் ஷாக்கின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். பல வண்டிகளில் அதில் ஐந்து படி உண்டு. ஆள் ஏற்றினால் கூட்டுங்கள், தனியாகப் போனால் குறையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், போர்க் ஆயிலைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு ஊற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ஷாக்கே போய்விட்டதா? அந்த மாடலுக்கென்றே வந்த கம்பெனி ஷாக்கை, பில்லோடு, ஜோடியாக வாங்கிப் போடுங்கள். ஏற்கெனவே கட்டை கொடுத்துத் தூக்கியிருந்தால் அடுத்து வண்டியை எடுப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள்.