நிரல் ஓடிவிட்டது, விடை சரியா?

பாக்டீரியாவின் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகளைக் கடத்தும் புரதம் ஒன்றின் முப்பரிமாண வடிவத்தை 2001-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார், அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி சாங். பெரிதும் பேசப்பட்ட ஆய்வு அது. 2006-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதே குடும்பத்துப் புரதம் ஒன்றின் வடிவத்தை வெளியிட்டபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்தால், சாங் பயன்படுத்திய சிறு நிரல் ஒன்று இரண்டு பத்தித் தரவுகளை இடம் மாற்றியிருந்தது. அதனால் வடிவமே இடவலமாகப் புரண்டுபோயிருந்தது. ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அந்த நிரல் வேறொரு ஆய்வகத்திலிருந்து கைமாறி வந்தது. ஏஐ எழுதித் தரும் நிரலும் அப்படித்தான்: தான் எழுதாதது, பிழை காட்டாமல் ஓடுவது. ஆனால் இது நொடியில் நூற்றுக்கணக்கான வரிகளாக வந்து கொட்டுகிறது.

விஞ்ஞானிகள் இதைப் பயன்படுத்தலாமா? தாராளமாக. வரைபடம் போடவும், பழைய ஃபோர்ட்ரான் நிரலைப் பைதானுக்கு மாற்றவும் யாரும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். என் கவலையெல்லாம் கணக்குப் போடும் இடத்தில்தான்.

மழைமானி பழுதான நாட்களில் தரவுக் கட்டம் காலியாக இருக்கும். ‘தரவைச் சுத்தம் செய்து மாத மழையளவைக் கூட்டித் தா’ என்று ஏஐ-யிடம் கேட்டால், காலிக் கட்டங்களில் பூஜ்யம் நிரப்பும் ஒரு வரி சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடலாம். கருவி பழுதான நாள் மழையில்லாத நாளாகிவிடும். வரைபடம் அழகாக வரும். இல்லாத வறட்சி ஒன்று அதில் தெரியும். அந்த வரியைப் பார்த்ததும் துணுக்குறுவதற்கு, அந்த மழைமானி நிலையத்தை அறிந்த ஆள் வேண்டும்.

வேகத்தைப் பற்றிய நம் கணிப்பும் ஏமாற்றக்கூடியது. ஏஐ ஆய்வு அமைப்பான ‘மெட்டர்’ 2025-ல் அனுபவமுள்ள 16 நிரலாளர்களை வைத்துச் சோதித்தது. ஏஐ-யால் வேலை 20 சதவீதம் சீக்கிரம் முடிந்ததாக அவர்கள் நம்பினார்கள். உண்மையில் 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்திருந்தது.

ஆகவே, நேரம் மிச்சமாகும் என்று நம்பிவிடாமல், சரிபார்ப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள் என்றே ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விடை முன்பே தெரிந்த தரவை முதலில் அந்த நிரலில் ஓடவிட்டுப் பாருங்கள். நெறியாளர்களே, கணக்கைத் தொடும் ஒவ்வொரு வரியையும் மாணவரை விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடியாத வரியைக் கட்டுரைக்குள் விடாதீர்கள். இதழ்களும் கட்டுரையோடு நிரலையும் கேட்டு வாங்கி, மதிப்பீட்டாளர் ஒருவரையாவது அதை ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.