பால்மர நிரையில் ஒரு பிரெஞ்சுச் சாலை

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டிகளில் பிரான்சு நாட்டின் கிராமப்புறக் காட்சிகளைப் பார்த்திருப்போம். வரிசை பிசகாத நெடிய மரங்கள், நடுவே மண்பாதை, தரையெங்கும் செம்மஞ்சள் சருகு. இதே காட்சி நம் லயத்துக்குப் பின்னாலும் உண்டு என்றால் சிலர் சிரிப்பீர்கள்.

பால்மரம் இலை உதிர்ப்பதை உங்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. பிரான்சில் அக்டோபர், நவம்பரில் குளிர் நெருங்கும்போது இலை உதிரும். இங்கே பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, மழை குறைந்த நாட்களில் பால்மர இலை பழுத்துச் சிவந்து விழும். அப்போது பாலும் குறையும், சம்பளமும் குறையும். அழகை நின்று பார்க்க யாருக்கு மனம் வரும்?

இருந்தாலும் ஒருநாள் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நேரம்தான் முக்கியம். பிரான்சு வடக்கே தள்ளி இருப்பதால், இலையுதிர் காலத்தில் அங்கே சூரியன் பகலிலும் தாழ்ந்தே நிற்கும். வெளிச்சம் சாய்ந்து விழும், நிழல் நீளும். நம் சூரியனோ விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிவிடும். ஆகையால் காலையில் பெரட்டு முடிந்ததும் போனால்தான் நமக்கு அந்தச் சாய்ந்த வெளிச்சம் நன்றாகக் கிடைக்கும். பனிமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு நிரைகளுக்கு நடுவே, பால் மங்கின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். மரங்கள் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்க் கூடும். சூரியனை எதிரே வைத்தால் சிவந்த இலை விளக்கேற்றியதுபோல் ஒளிரும். படம் இருண்டு போனால், திரையில் அடிமரம் தெரியும் இடத்தை விரலால் தொடுங்கள், வெளிச்சம் சரியாகிவிடும்.

குளோட் மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் 1891இல் எப்து ஆற்றங்கரையில் நின்ற பாப்லர் மர வரிசையை இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். வேலை முடியுமுன்பே லிமெட்ஸ் கிராமத்தார் அம்மரங்களை ஏலத்தில் விற்க முற்பட்டார்கள். மோனே மர வியாபாரி ஒருவருக்குப் பணம் கொடுத்து, ஓவியம் முடியும்வரை வெட்டாமல் நிறுத்தினார். பிறகு மரங்கள் விழுந்தன.

நம்மால் பணம் கொடுத்து நிறுத்த முடியாது. பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. (அந்தச் செம்பனையை 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிகப் பயிராக நட்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான்: ஹென்றி ஃபோகோனியே.) அப்பா வெட்டிய நிரை, அம்மா பால் சுமந்த பாதை, மறுநடவுக்கு இயந்திரம் வந்தால் ஒரே வாரத்தில் வெறும் தரையாகிவிடும்.

ஆகவே அடுத்த இலையுதிர்வில் எடுங்கள். நிரையில் வேலை செய்தவர்களையும் அதே இடத்தில் நிற்கவைத்து எடுங்கள். படத்தைக் கழுவி, பின்பக்கம் தோட்டத்தின் பெயர், நிரை இருந்த இடம், ஆண்டு ஆகியவற்றைப் பேனாவால் எழுதி வையுங்கள்.